குறிஞ்சி என்னும் சொல்லும் ஹோட்டன் சமவெளியும்

(வானொலி இலக்கியத் தொடரில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)



ஐந்திணைகளுள் ஒன்றைப் பற்றிப் பேசலாம் என்று இத்தொடரை நடத்துபவர்கள் கூறியபோது நான் குறிஞ்சியைத் தெரிந்துகொண்டேன். சண்டிலிப்பாயிலிருந்து வருகின்ற ஒருவன் மலையைப் பற்றிப் பேசுவதா என்று நண்பர் ஒருவர் சிரித்தார். அவர் கேட்டதிலும் நியாயம் உண்டு. எங்கள் குடாநாட்டில் மலை இல்லை. ஆண்டு முழுவதும் ஓடுகின்ற ஆறும் இல்லை. எங்கள் ஊர்ப்பக்கமாகச் செல்லும் வழுக்கையாறு மாரியில் மாத்திரம் ஆறு. மாரி கழிந்து சில மாதங்களில் அதன் தடம் வயலோடு வயலாகிவிடும். சுண்ணக்கல்லின் கீழே தேங்கிக் கிடக்கும் நீரைக் கிணறு வெட்டி அள்ளி வாழ்கின்ற மக்கள் நாங்கள்.

இந்த ஊரிலுள்ள மாணவர்களுக்கு மருதத்தை விளக்குவது எளிது. யன்னலால் வயலைக் காட்டலாம். நெய்தல் என்றால் மாதகல் கடற்கரைக்குப் போய்ப் பார்த்துவிட்டு வரலாம். முல்லையைச் சொல்ல வன்னிக் காடு இருக்கிறது. குறிஞ்சி வரும்போதுதான் கரும்பலகையில் ஒரு முக்கோணம் வரைந்து, அதன் உச்சியில் ஒரு முகிலையும் வரைந்து பாடத்தை முடிக்க வேண்டியிருக்கிறது. நான் படித்த காலத்தில் என் ஆசிரியரும் அப்படித்தான் செய்தார். அந்நாள்களில் பாதைகள் மூடியிருந்தன. 1990இல் நின்றுபோன யாழ்ப்பாணப் புகையிரதம் 2014இல்தான் திரும்ப வந்தது. அந்த இடைக்காலத்தில் வளர்ந்த ஒரு தலைமுறைக்கு மலை என்பது பாடநூற் படமாகவே இருந்தது.

தொல்காப்பியர் ஒரு திணையை முதற்பொருள், கருப்பொருள், உரிப்பொருள் என்று மூன்றாகப் பகுத்துக் காட்டுகிறார். நிலமும் பொழுதும் முதல். அந்நிலத்தில் தோன்றி வாழும் தெய்வம், மக்கள், மரம், பூ, விலங்கு, பறவை, உணவு, பறை, தொழில் ஆகியன கரு. அங்கு நிகழும் அகவொழுக்கம் உரி. தேர்வில் இந்த மூன்றையும் அட்டவணையாகக் கேட்பார்கள். மாணவர்களும் வேங்கை, தினை, தொண்டகப்பறை, யானை என்று எழுதிப் புள்ளி பெறுவார்கள். ஆனால், அட்டவணையில் நாம் கவனியாது விடுகின்ற ஒன்று உண்டு. குறிஞ்சிக்கு உரிய பெரும்பொழுது கூதிரும் முன்பனியும், சிறுபொழுது யாமம். குளிரும் பனியும் இருளும் கூடிய பொழுது அது. முருகன் விரும்பி உறையும் அம்மலை உலகுக்குத் தொல்காப்பியர் கொடுக்கும் அடைமொழி ‘மை’ என்ற ஓரெழுத்துச் சொல். மை என்பதற்கு முகில் என்றும் பொருள் உண்டு. முகில் படிந்த மலை என்றால் எப்படி இருக்கும்? மலையில் முகில் படிவதால் நிகழ்வது என்ன? இந்தக் கேள்விகளுக்கு விடையைத் தேடினால் நாம் நூலகத்திலிருந்து வெளியே வரவேண்டியிருக்கிறது.

நமது நாட்டில் அதற்கு உகந்த இடம் ஹோட்டன் சமவெளித் தேசிய வனம். நுவரெலியாவுக்குத் தெற்கே, கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 2,100 முதல் 2,300 மீற்றர் வரையான உயரத்தில், 3,160 ஹெக்டேயர் பரப்பில் விரிந்து கிடப்பது அது. நாட்டின் இரண்டாவது, மூன்றாவது உயர்ந்த சிகரங்களாகிய கிரிகல்பொத்தையும் தொட்டுபொலவும் அதன் எல்லைக்குள்ளேயே உள்ளன. சிங்கள மக்கள் அதனை மகா எலிய, அதாவது பெருவெளி, என்று அழைத்து வந்தனர். 1834இல் ஆங்கிலப் படை அதிகாரிகள் இருவர் அங்கு போய்ச் சேர்ந்து, அக்காலத் தேசாதிபதியாகிய சேர் றொபேட் வில்மட் ஹோட்டனின் பெயரை இட்டனர். 1969இல் காப்பிடமாகவும் 1988இல் தேசிய வனமாகவும் அது பிரகடனம் செய்யப்பட்டது. 2010இல் சிவனொளிபாதமலைக் காடும் நக்கிள்ஸ் மலைத்தொடரும் இதனோடு சேர்த்து, இலங்கையின் மத்திய மலைநாடு என்ற பெயரில் உலக மரபுரிமைப் பட்டியலில் இடம்பெற்றன.

அங்கு இருப்பவை இரண்டு வகை நிலங்கள். ஒன்று புல்வெளி. அதனைச் சிங்களத்தில் பத்தன என்பர். கொட்டகலைக்கு அருகே பத்தனை என்று ஓர் ஊர்ப் பெயரும் உண்டு. மற்றையது முகிற் காடு. தமிழகத்து மேற்கு மலையிலும் இதே அமைப்பைக் காணலாம். அங்கே புல்வெளிகளுக்கு இடையில் மடிப்பு மடிப்பாகக் கிடக்கும் குளிர்காட்டைத் தாவரவியலாளர் ‘ஷோலா’ என்கின்றனர். நமது ‘சோலை’ என்ற சொல்லே ஆங்கிலத்தில் போய் அவ்வாறு திரிந்தது. மலைக்காட்டைக் குறித்த தமிழ்ச் சொல் உலகத் தாவர நூல்களில் நிலைத்திருக்க, நாம் சோலை என்றதும் பூந்தோட்டத்தையே நினைக்கிறோம்.

முகிற் காட்டு மரங்கள் நெடிது வளர்வதில்லை. காற்றாலும் குளிராலும் முறுகித் திருகி, குடை விரித்தாற்போன்ற தலையோடு நிற்பவை அவை. இலைகள் சிறியவை, தடித்தவை. அடியிலிருந்து நுனிவரை பாசியும் பன்னமும் படர்ந்திருக்கும். மழை பெய்யாத நாளிலும் இக்காட்டுக்குள் நீர் சொட்டும். காற்றோடு வருகின்ற முகில் மரங்களுக்குள் நுழையும்போது, அதிலுள்ள நுண்ணிய துளிகள் இலையிலும் பாசியிலும் ஒட்டி, ஒன்றோடொன்று சேர்ந்து பருத்து, நிலத்தில் விழுகின்றன. மழைமானியில் முழுமையாகப் பதிவாகாத இந்நீரைக் காடே முகிலிலிருந்து கறந்து எடுக்கிறது. கீழே மட்கிய இலைகளும் பாசியும் அதனைப் பஞ்சுபோலப் பிடித்து வைத்துச் சிறிது சிறிதாக விடுகின்றன. மரத்தை வெட்டிவிட்டால் முகில் வரும். வந்தபடியே கடந்து போய்விடும்.

2013இல் எங்கள் உயர்தர வகுப்பு மாணவர்களை அழைத்துக்கொண்டு நான் அங்கு சென்றேன். பட்டிப்பொலவிலிருந்து மேலே ஏறுவதற்கு ஒரு வான் அமர்த்தினோம். சாரதி தோட்டத்துத் தமிழர். அங்கேயே பிறந்து வளர்ந்தவர். விடியுமுன் புறப்பட்டோம். காட்டோரத்தில் பாதையின் இரு பக்கமும் ஊதாவும் வெண்மையுமாகப் புதர்கள் பூத்துக் கிடந்தன.

“அண்ணை, இது என்ன பூ?” என்று மாணவி ஒருத்தி கேட்டாள்.

“இது நெலும்மா. பன்னண்டு வருசத்துக்கு ஒருக்காதான் பூக்கும். எங்கம்மா மூணு தடவ பாத்திருக்கு,” என்றார் அவர்.

பன்னிரண்டு ஆண்டு என்ற சொல்லைக் கேட்டதும் வானுக்குள் பேச்சு நின்றது. “குறிஞ்சி எண்டு படிச்சது இதுதானோ சேர்?” என்று பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது.

அதற்கு நான் கொடுத்த விடையை நேயர்களுக்கும் கூறுகிறேன். கோடைக்கானலிலும் மூணாற்றிலும் நீலமாகப் பூப்பது ஓர் இனம். நமது மலையில் சிங்களவர் நெலு என்று கூறுவது வேறு இனங்கள். ஆனால், இரண்டும் ஒரே பேரினத்தைச் சேர்ந்தவை. ஒருவகையில் ஒன்றுவிட்ட சகோதரங்கள். நெலுவில் பல இனங்கள் உண்டு; எல்லாவற்றுக்கும் பன்னிரண்டு ஆண்டுக் கணக்குப் பொருந்தாது. பொருந்துகின்ற இனத்தில், ஒரு தலைமுறைச் செடிகள் முழுவதும் ஒரே பருவத்தில் பூத்து, விதைத்து, மடிந்துவிடும். அடுத்த தலைமுறை விதையிலிருந்து எழும்பும். பூக்கும் காலத்தில் தேனீக்கள் மொய்க்கும். விதை விழும் காலத்தில் காட்டுக் கோழிகள் கூட்டமாக வரும். விதை தீர்ந்ததும் எலிகள் காட்டை விட்டு இறங்கிக் கோப்பித் தோட்டங்களைப் பாழாக்கின என்று பத்தொன்பதாம் நூற்றாண்டில் எமர்சன் தெனன்ற் எழுதி வைத்திருக்கிறார். ஒரு பூவின் காலக் கணக்கில் தேனும் கோழியும் எலியும் தோட்டமும் கட்டுண்டு கிடந்தன. கருப்பொருள் என்ற சொல்லுக்கு இதைவிடத் தெளிவான விளக்கம் எனக்குக் கிடைத்ததில்லை. நாம் அட்டவணையில் தனித்தனியாக எழுதுகின்ற பூவும் விலங்கும் உணவும் அங்கே ஒன்றில் ஒன்று தங்கி நிற்கின்றன.

கபிலர் பாடிய குறிஞ்சிப்பாட்டில் தொண்ணூற்றொன்பது பூக்கள் சொல்லப்படுவதை நாம் அறிவோம். ஆரிய அரசன் பிரகத்தனுக்குத் தமிழின் இயல்பை அறிவிக்க அவர் அதனைப் பாடினார் என்பது மரபு. மொழி அறியாத ஒருவனுக்கு அவர் இலக்கணச் சூத்திரம் சொல்லவில்லை. மலையையும் அதில் பூத்தவற்றையும் பெயர் பெயராகச் சொன்னார். அப்பூக்களுள் எத்தனையை நாம் கண்ணால் கண்டு பெயர் சொல்லுவோம்? உரையாசிரியர் ஒரு பூவுக்குப் பொருள் எழுதும்போது, அதனைக் கண்டவர் ஒருவர் அவர் காலத்தில் இருந்திருப்பார். கண்டவர் எவரும் இல்லாத நாளில் அந்தச் சொல் அகராதியில் ‘ஒரு வகைப் பூ’ என்று ஆகிவிடும். நமது அகராதிகளில் இப்படி ‘ஒரு வகை மரம்’, ‘ஒரு வகைப் பறவை’ என்று நிற்கின்ற சொற்கள் எத்தனை என்று நேயர்கள் ஒருமுறை புரட்டிப் பார்க்க வேண்டும்.

விலங்குகளின் கதையும் இதுவே. குறிஞ்சி என்றால் யானை. இன்று ஹோட்டன் சமவெளியில் யானை இல்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டில் மலைநாட்டு யானைகள் வேட்டைக்காரரின் விளையாட்டுப் பொருளாயின. ஊவாவில் இருந்த மேஜர் ரோஜர்ஸ் என்பவர் ஆயிரத்து நானூறுக்கு மேல் யானைகளைச் சுட்டதாகக் கூறுவர். 1845இல் அவர் மின்னல் தாக்கி இறந்தார். நுவரெலியாவில் குடியேறிய சாமுவேல் பேக்கர் தமது வேட்டைகளை நூல்களாகவே எழுதினார். சமவெளியிலுள்ள அருவி ஒன்று இன்றும் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

எஞ்சியவை உண்டு. சங்கப் பாடல்களில் மரை என்ற விலங்கு அடிக்கடி வரும். தமிழகத்து மாணவர் அதற்கு அகராதி பார்க்க வேண்டியிருக்கலாம். வன்னியில் அது இன்றும் வாயில் வழங்குகின்ற சொல். அந்த மரையைச் சமவெளியின் புல்லில் கூட்டமாகக் காணலாம். அதனைத் தேடி வருகின்ற சிறுத்தையும் உண்டு. உடல் முழுவதும் சடைத்த மயிரோடு மலைக் குரங்கும் உண்டு. இரவில் மாத்திரம் திரியும் மலைத் தேவாங்கு ஒன்று 1937இல் முதலில் அறியப்பட்டது. பிறகு பல பத்தாண்டுகள் எவர் கண்ணிலும் படாமையால் அற்றுப்போயிற்று என்றே கருதப்பட்டது. 2010இல்தான் அதன் படம் வெளிவந்தது. உள்ளங்கை அளவான, பெரிய வட்டக் கண்களையுடைய அந்தச் சிறு உயிர், எஞ்சிய காட்டுத் துண்டுகளில் உயிரைப் பிடித்துக்கொண்டிருந்தது.

எஞ்சிய துண்டுகள் என்று சொன்னேன். மலைநாட்டுக் காடு எப்படித் துண்டாயிற்று என்பதைச் சொல்லாமல் விட முடியாது. 1830களிலிருந்து கோப்பிக்காக மலைச் சரிவுகள் ஒன்றன்பின் ஒன்றாக வெட்டி எரிக்கப்பட்டன. 1869இல் தோன்றிய இலைநோயால் கோப்பி அழிந்தது, தேயிலை வந்தது. 1873இல், இலண்டன் கியூ தாவரவியல் பூங்காவின் தலைவராக இருந்த ஜோசப் ஹூக்கர், ஐயாயிரம் அடிக்கு மேற்பட்ட காடுகளை வெட்டாது விடவேண்டும் என ஆலோசனை கூறினார். அதன்படி பிறந்த கட்டளை இல்லாதிருந்தால் இன்று நாம் பேசுவதற்கு முகிற் காடு மிஞ்சியிராது. மரத்தை வெட்டிய கைகள் தமிழ்க் கைகள் என்பதும் உண்மை. மன்னார்க் கரையில் இறங்கிக் காட்டு வழியே நடந்து, வழியில் பலரைப் பறிகொடுத்து வந்த மக்கள் அவர்கள். வெட்டியதன் இலாபம் அவர்களுக்குச் சேரவில்லை. வெட்டியதன் நட்டம் மாத்திரம் அவர்கள் பிள்ளைகளுக்குச் சேர்ந்திருக்கிறது.

அந்த நட்டம் என்ன என்பதை எங்கள் சாரதியே சொன்னார். ‘உலக முடிவு’ எனப்படும் மலை விளிம்பிலே நாங்கள் நின்றோம். எண்ணூறு மீற்றருக்கு மேல் செங்குத்தாக இறங்குகின்ற பாறை அது. காலை ஒன்பது மணிக்குப் பின் கீழிருந்து முகில் ஏறி எல்லாவற்றையும் மறைத்துவிடும். அதற்கு முன் சேர்ந்ததால் அடிவாரத்துத் தோட்டங்களும் லயங்களும் தீப்பெட்டிகளாகத் தெரிந்தன. அவர் தம் ஊர்ப் பக்கம் கையைக் காட்டி, “மேல காடு காஞ்சா எங்க பீலியில தண்ணி நின்னுரும் சார். முன்ன கோடையிலயும் ஓடுச்சு. இப்ப மாசி பங்குனியில கொடத்த வச்சிட்டு வரிசையில நிக்கிறோம்,” என்றார். பீலி என்பது மலையூற்று நீரை லயத்துக்குக் கொண்டுவரும் குழாய்த்தாரை. கிணற்று நீரில் வளர்ந்த என் மாணவர்கள் அந்தச் சொல்லை அன்றுதான் கேட்டார்கள்.

பீலிக்கு மாத்திரம் வருகின்ற கேடு அன்று இது. ஹோட்டன் சமவெளியும் அதைச் சூழ்ந்த மலைகளும் மூன்று பெரிய ஆறுகளுக்கு நீர் கொடுக்கின்றன. அக்ரா ஓயா கொத்மலை வழியாக மகாவலியில் சேருகிறது. பெலிகுல் ஓயா வளவை கங்கையாகித் தெற்கே போகிறது. மேற்கே வழிகின்ற நீர் கெகெல்கமு ஓயாவாகிக் காசல்ரீ நீர்த்தேக்கத்தை நிரப்பிக் களனியில் கலக்கிறது. எங்கள் வீடுகளில் பெரியவர்கள் ‘லக்சபான மின்சாரம்’ என்று சொல்லுவதைக் கேட்டு வளர்ந்தவன் நான். அந்த மின்சாரத்தின் ஒரு பங்கு பாசி பிடித்த இலை நுனியில் சொட்டிய நீர்தான். மகாவலியோ 335 கிலோ மீற்றர் ஓடித் திருகோணமலைக் கொட்டியாரக் குடாவில் கடலோடு கலக்கிறது. மூதூர் விவசாயியும் அந்த முகிலுக்குக் கடன்பட்டவரே.

இப்போது அந்தக் காடு நோயுற்றிருக்கிறது. கடந்த நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து சமவெளியின் மரங்கள் நுனியிலிருந்து பட்டு வருகின்றன. கீன என்று சிங்களத்தில் வழங்கும், புன்னையின் உறவான மரம் மிகவும் பாதிப்புற்றிருக்கிறது. தொலைவிலிருந்து பார்த்தால் பச்சைக்கு நடுவே வெள்ளெலும்புகள் நிற்பது போலத் தெரியும். மண்ணின் சத்துக் குறைவு, வறட்சி, காற்றோடு வரும் மாசு, பூஞ்சணம், காலநிலை மாற்றம் என ஆய்வாளர் பல காரணங்களை ஆராய்ந்துள்ளனர். ஒரே காரணத்தைச் சுட்டி முடிக்க முடியவில்லை. ஒரு காலத்தில் புல்வெளியின் ஒரு பகுதியை உழுது உருளைக்கிழங்கும் பயிரிட்டார்கள். ஐரோப்பாவிலிருந்து வந்த முட்செடி புல்லை விழுங்குகிறது. வெப்பம் கூடினால் முகில் படியும் மட்டமும் மேலே போகும். காடு அதனைத் தொடர்ந்து மேலே ஏற முடியாது. உச்சிக்கு மேலே நிலம் இல்லை.

யாழ்ப்பாணத்தில் இருப்பவர்களுக்கு இதில் என்ன உண்டு என்று ஒருவர் கேட்கலாம். அவருக்கு ஒரு செய்தி. கோடைக்கானலில் குறிஞ்சி ஆண்டவர் கோயில் என்று ஒரு முருகன் கோயில் உண்டு. குறிஞ்சிப் பூவின் பெயரால் அமைந்த கோயில் அது. 1936இல் அதனைக் கட்டியவர் லீலாவதி இராமநாதன் அம்மையார். மேலைநாட்டவராகப் பிறந்து, சைவத்தைத் தழுவி, சேர் பொன்னம்பலம் இராமநாதனின் துணைவியானவர். எங்கள் ஊரிலிருந்து சில மைல் தூரத்தில், மருதனார்மடத்தில், இராமநாதன் 1913இல் நிறுவிய பெண்கள் கல்லூரியோடு அவர் பெயரும் இணைந்தது. மலையே இல்லாத ஓர் ஊரோடு உறவு பூண்ட அம்மையார், மலைப்பூவின் பெயரை ஒரு தெய்வத்துக்குச் சூட்டி நிலைநிறுத்தினார்.

அந்தப் பகுதியின் பின்வரலாறும் அறியத்தக்கது. மூணாற்றுக்கு அருகே இரவிகுளம் 1978இல் தேசியப் பூங்காவாயிற்று. சங்க நூல்களில் வருடை எனப்படும் வரையாடு அங்கே காக்கப்படுகிறது. குறிஞ்சிச் செடிக்கென்றே 2006இல் கேரள அரசு ஒரு சரணாலயத்தை அறிவித்தது. 2018இல் குறிஞ்சி பூத்தபோது அதனைப் பார்க்கவென்றே மக்கள் மலையேறினார்கள். ஒரு பூவைப் பற்றிய பழந்தமிழ் நினைவு, அப்பூ நிற்கும் நிலத்தைக் காப்பதற்கும் ஒரு துணையாக நின்றது. நமது நெலுவுக்கு அத்தகைய இலக்கியத் துணையை நாம் கொடுத்தோமா? மலையகத்துக் கவிஞரும் கதைஞரும் தேயிலை நிரையையும் லயத்தையும் கண்ணீரோடு எழுதினார்கள். எழுதியே ஆகவேண்டிய கதை அது. அந்த நிரைக்கு மேலே இருக்கும் காடு இன்னும் போதிய அளவு தமிழில் எழுதப்படவில்லை என்பது என் எண்ணம். அதனை எழுதக் கூடியவர்கள் அங்கேயே இருக்கிறார்கள். பீலி என்ற சொல்லும் பத்தனை என்ற பெயரும் அவர்களிடம்தான் உள்ளன.

ஆசிரியர்களாகிய நமக்கும் ஒரு கடமை உண்டு. குறிஞ்சியை முக்கோணம் வரைந்து முடித்துவிடாமல், இயன்றபோது பிள்ளைகளை அந்த மலைக்கு அழைத்துச் செல்ல வேண்டும். இன்று புகையிரதத்தில் ஏறினால், கொழும்பில் மாறி, நாட்டிலேயே மிக உயரத்தில் இருக்கும் நிலையமாகிய பட்டிப்பொலவில் இறங்கலாம். காட்டின் வாசலில் பொலித்தீன் பைகளை வாங்கி வைத்துவிடுவார்கள். அதனை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போவது இன்னும் நன்று. மரைக்கு உணவு கொடுக்கக் கூடாது. பாதையை விட்டு விலகக் கூடாது. கையில் ஒரு கொப்பி இருந்தால் போதும். கண்ட மரத்துக்கும் பூவுக்கும் பறவைக்கும் அங்குள்ளவர் வழங்கும் பெயரைத் தமிழிலும் சிங்களத்திலும் கேட்டு எழுதிக்கொள்ளட்டும். எங்கள் மாணவர்கள் அன்று எழுதிய பட்டியலில் முப்பத்திரண்டு பெயர்கள் இருந்தன. கபிலரின் எண்ணிக்கைக்கு இன்னும் அறுபத்தேழு குறைவு.

நேயர்களே, அடுத்த முறை நெலு பூக்கும்போது இவ்வுரையைக் கேட்கின்ற சிலராவது அங்கு சென்று அதனைக் காணவேண்டும் என்பது என் விருப்பம். அப்போது பூப்பதற்கு அந்தக் காடு இருக்க வேண்டும் என்பது அதனிலும் பெரிய விருப்பம்.